காற்றாடி இல்லாத விமானம்

உரித்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கில் பெரிய துண்டு ஒன்றைக் காணவில்லை. செல்வநாயகிக்கு எலி என்றுகூடத் தோன்றவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே முன் அறைக்குப் போனாள்.

கனகசுந்தரம் யன்னலோரம் உட்கார்ந்து, அவளுடைய சின்னக் கத்தியால் கிழங்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மெதுவா, நாயகி. செட்டை உடைஞ்சிடும்."

கிழங்குக்கு இரண்டு பக்கமும் விமான இறக்கை மாதிரிச் செட்டை முளைத்திருந்தது. வாலும் வந்துவிட்டது. முன்பு அவர் விறகுக் கட்டையில் செதுக்குவார். அவள் அவற்றை எடுத்து அடுப்பில் வைப்பாள். இப்போது விறகுக்கும் தட்டுப்பாடு, ஆகவே சாப்பாட்டில் கை வைத்துவிட்டார்.

"அது மத்தியானச் சாப்பாடு."

"தெரியும். முடிஞ்ச பிறகு அவிக்கலாம்தானே?"

பினாங்கை ஜப்பான்காரன் பிடித்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அரிசியைக் கண்ணால் காண்பதே அருமை. பிள்ளைகள் இரண்டு பேரையும் கெப்பாலா பத்தாஸில் அக்கா நல்லம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அங்கே வயல் இருந்தது, அரை வயிறாவது நிரம்பும். கனகசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முன்பு வெள்ளைக்காரனின் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். இப்போது அதே கட்டடத்தில், அதே மேசையில், ஜப்பான்காரனுக்குக் கிளார்க். செல்வநாயகி தையல் மெஷினில் பழைய திரைச்சீலைகளை வெட்டிச் சட்டை தைத்துக் கொடுத்தாள். இந்த நிலைமையில் வீட்டுத் தலைவருக்கு இருந்த பெரிய கவலை எந்தப் போர் விமானம் வடிவானது என்பதுதான்.

ஊரில் முதல்முதலாகக் குண்டு விழுந்த அன்றே அவளுக்கு இது விளங்கியிருக்க வேண்டும். அதற்கு முந்திய நாட்களில் அக்கரையில் பட்டர்வொர்த்துக்கு மேலே நடந்த வான்சண்டையைப் பார்க்கக் கரையோரத்தில் சனம் கூட்டமாக நின்றது. அன்றைக்கும் அப்படித்தான் நின்றார்கள். வந்த விமானங்கள் இந்தப் பக்கம் திரும்பின. கூட அலுவலகத்தில் வேலை செய்த நாகநாதன், கனகசுந்தரத்துக்குப் பக்கத்தில் நின்றவர், அங்கேயே செத்துப்போனார். கனகசுந்தரம் வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க இரத்தம், ஒரு துளிகூட அவருடையது இல்லை. சில நாட்கள் சாப்பிடவில்லை, பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ன சொன்னாலும் நாயகி, அவங்கள் எல்லாரும் ஒண்டாத் திரும்பின விதம் இருக்கே, அது ஒரு வடிவுதான்."

"நாகநாதனைச் சாகடிச்சதப்பா அது!"

"சாகடிச்சது குண்டு. பறந்தது வேறை."

"ரெண்டையும் கொண்டுவந்தது ஒரே ஆள்தானே?"

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். விமானம் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சைரன் ஊதினால் அக்கம்பக்கத்தவர் எல்லாரும் பள்ளத்துக்குள் இறங்குவார்கள். இவர் கோழிக்கூட்டின் மேல் ஏறுவார். துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்து நின்ற காலத்தில், அவர்கள் கொண்டுவந்திருந்த ஆராடோ என்ற மிதவை விமானத்தைப் பார்ப்பதற்காகவே சாப்பாட்டு நேரத்தில் கரைக்கு ஓடுவார். தண்ணீரில் வாத்து மாதிரி இறங்குகிறதாம், இறங்கிய பிறகு வாலை ஆட்டுகிறதாம். கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வரும்.

கிழங்குக்குக் காரணம் திருநாவுக்கரசு மாஸ்டர். பின்வளவுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்த பள்ளிக்கூட ஆசிரியர் அவர். ஊரில் எல்லா ரேடியோவையும் கொடுத்து, வெளிநாட்டு நிலையங்கள் எடுக்காதபடி செய்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, மாஸ்டர் ஒன்றைக் கொடுத்தார். இன்னொன்றைக் குளியலறையில் விறகுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெளிநாட்டுச் செய்தி கேட்டவர்களைக் கெம்பித்தாய், அதாவது ஜப்பான் இராணுவப் பொலிஸ், என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டதை மாஸ்டர் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்வார். அதற்குப் போயும் போயும் கனகசுந்தரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"இங்கிலீசுக்காரன் புது விமானம் ஒண்டு இறக்கியிருக்கிறானாம்," என்றார் கனகசுந்தரம், கிழங்கைத் திருப்பிப் பார்த்தபடி. "முன்னாலை காற்றாடியே இல்லை."

"பேந்து எப்பிடிப் பறக்கும்? கையாலை தள்ளுறவங்களோ?"

"நல்ல கேள்வி!" அவர் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டார். ஊதுகுழலை எடுத்தார். "இதைப் பாரும். இதுக்குள்ளை காத்தை அமுக்கி, எண்ணெய் விட்டு எரிச்சால், நெருப்புக் காத்துப் பின்னாலை சீறும். அந்த உதையிலை விமானம் முன்னாலை போகும். ஆட்டமில்லை, நடுக்கமில்லை. மூக்கு மொழுமொழு எண்டிருக்கும். யோசிச்சுப் பாரும், நாயகி, சத்தம் வந்து சேர முந்தி ஆள் போயிடுவான்!"

"நெருப்பு அணையுது. குழலைத் தாங்கோ."

குழலைத் தந்தார். பாதியில் நின்ற விமானத்தைத் தரவில்லை.

"இதைப் பற்றி வெளியிலை வாய் திறக்காதேங்கோ," என்றாள் அவள். "கேக்குதோ? காற்றாடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, இந்த வீட்டை விட்டு வெளியிலை போகக்கூடாது."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

அன்று பின்னேரமே முனுசாமி ஓடி வந்தான். டத்தோ கிராமாட் ரோட்டில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவன். கையில் சவரக் கத்தியோடேயே வந்திருந்தான்.

"அக்கா, அண்ணன் வந்துட்டாரா?"

"இன்னும் இல்லை. ஏன்?"

முனுசாமிக்கும் அதே பைத்தியம். ஆனால் அவனுக்குப் பிடித்தது ஜப்பான்காரனின் ஹயபூசா. அது ஒல்லியான உடம்புக்காரி, நின்ற இடத்திலேயே திரும்புவாள் என்பான். பட்டர்வொர்த்துக்கு மேலே வெள்ளைக்காரனுடைய பஃபலோ விமானத்தை அது துரத்தித் துரத்தி அடித்ததைத் தன் கண்ணால் பார்த்தவன். பஃபலோவா அது, பீப்பாய்க்கு இறக்கை வைத்த மாதிரி என்று சிரிப்பான். அந்தக் கட்சியைச் சத்தமாகப் பேசலாம், ஆபத்தில்லை. கனகசுந்தரம் ஸ்பிட்ஃபயர் கட்சி. பத்திரிகையில் படமாக மட்டுமே பார்த்த விமானம். அதன் செட்டை பலாவிலை மாதிரி நுனியில் வளைந்து போகும் அழகைச் சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் தழுதழுக்கும். இரண்டு பேரும் கடையில் வாரம் தவறாமல் சண்டை பிடிப்பார்கள்.

"இன்னிக்கும் அதே சண்டைதான், அக்கா. நான் கொஞ்சம் கூடவே சீண்டிட்டேன். அண்ணனுக்கு ரோசம் வந்துருச்சு. 'இனி உன்ரை ஹயபூசாவைக் கொண்டுபோய்க் கண்காட்சியிலை வை, வெள்ளைக்காரனிட்டைக் காற்றாடியே இல்லாத விமானம் வந்திட்டுது'ன்னு சொல்லிப்புட்டாரு. பையிலேருந்து கெழங்கை எடுத்து மேசையில வெச்சு, காத்து எப்படிப் போவும், நெருப்பு எங்க வரும்னு ஒண்ணு விடாம காட்டினாரு."

"கடையிலை ஆர் இருந்தது?"

முனுசாமி கத்தியை மடக்கினான். "நாற்காலியில ஒரு ஆளு. புது மொகம். பாதிதான் செரைச்சிருந்தேன். மீதி நுரையைத் துண்டால தொடைச்சிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான், அக்கா. அண்ணன் போன பின்னாடி பாத்தா மேசை மேல கெழங்கும் இல்ல."

செல்வநாயகிக்கு முதலில் வந்தது பயமில்லை. அடுப்பில் பானை பொங்கி வழியும்போது வருமே, அந்த எரிச்சல். இந்த மனிசன் தன்னைத் தொலைக்கப் போகிறார். தொலைவதற்குக் காரணம் அரசியலும் இல்லை, வீரமும் இல்லை. ஒரு காற்றாடி.

"நீ கடைக்குப் போ, முனுசாமி. ஆராவது கேட்டா, அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்லு. வெள்ளைக்காரன் எண்டுதானே சொன்னவர்? இங்கிலீசுக்காரன் எண்டு சொல்லேல்லையே?"

"வெள்ளைக்காரன்னுதான் சொன்னாரு."

"அதையே சொல்லு. ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவன் போனதும் பின்வளவு வேலியைத் தாண்டி மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்கடை பெட்டி இப்பவே போகவேணும்."

நடந்ததைக் கேட்டதும் அவருடைய முகம் வெளுத்தது. ஆனால் கதிரையை விட்டு எழவில்லை. "பிள்ளை, பாரிசை மீட்டிட்டாங்கள் எண்டு ரேடியோக்காரன் நேற்றுத்தான் சொன்னவன். இண்டைக்கு மட்டும் கேட்டிட்டு..."

"பாரிசுக்கு இனி ஒண்டும் நடக்காது, மாஸ்டர். எங்களுக்குத்தான் நடக்கப்போகுது. எழும்புங்கோ!"

இரண்டு பேருமாக ரேடியோவைக் கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பாழ்கிணற்றில் போட்டார்கள். கண்ணாடி வால்வுகள் தண்ணீரில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். இரண்டு ஆம்பிளைகளையும் ஒரே கயிற்றில் கட்டி அதே கிணற்றில் இறக்கினால் என்ன என்று செல்வநாயகிக்குத் தோன்றியது.

வழியெல்லாம் தேடிவிட்டு இருட்டும் நேரத்தில் கனகசுந்தரம் கைவீசிக்கொண்டு வந்தார். கிழங்கு காணாமல் போனதுதான் அவருடைய வருத்தம்.

"நான் மாஸ்டரின்ரை பேர் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் எல்லாவற்றையும் கேட்ட பிறகு.

"பேர் சொன்னாத்தானோ? இது உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்பாங்கள். கனவு கண்டனான் எண்டு சொல்லுவியளோ? கேளுங்கோ. சேட்டுத் தைக்கக் குடுத்த அந்த ஜெர்மன்காரன் சொன்னவன். வில்லி. விளங்குதோ? அவன்தான் சொன்னவன்."

கப்பல் சாமான் வியாபாரி காஜா மொய்தீன் மூலமாகச் சில ஜெர்மன் மாலுமிகள் அவளிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள். வில்லி என்ற ஒருவன் சட்டை வாங்க வீட்டுக்கே வந்தான். கனகசுந்தரம் அவனைப் பிடித்து உட்காரவைத்து, கையாலும் காலாலும் விமானம் பேசி, தேத்தண்ணி ஆறும்வரை விடவில்லை. அவன் போன நீர்மூழ்கி பிறகு திரும்பவேயில்லை என்று காஜா மொய்தீன் சொல்லியிருந்தார்.

கனகசுந்தரம் தலையைச் சொறிந்தார். "அவன் ஒண்டும் சொல்லேல்லையே, நாயகி. அவனுக்கு ஆராடோவைப் பற்றியே ஒழுங்காத் தெரியாது. அவன் கப்பல் எஞ்சின் ஆள். அவன் போய் இதையெல்லாம் சொன்னான் எண்டா ஆர் நம்புவினம்?"

அவள் இரண்டு கையாலும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவன் சொன்னவன்! அவன் கப்பல் எஞ்சின் ஆளாயிருந்தாலும் சொன்னவன்! ஆட்டுக்கல்லு வந்து சொன்னதெண்டு நான் சொன்னாலும் நீங்கள் ஓம் எண்டு சொல்லவேணும்!"

"சரி, சரி. கத்தாதையும்."

மறுநாள் காலையில் அலுவலகத்தில் வைத்தே கெம்பித்தாய் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். மத்தியானம் வீட்டைச் சோதிக்க அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சார்ஜன்ட் ஒருவன், சிப்பாய்கள், மொழிபெயர்க்க ஜெயராஜ் என்ற தமிழ்ப் பையன். நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்பில் முதலாவதாக வந்து இந்த வேலையில் மாட்டிக்கொண்டவன் அவன். கனகசுந்தரத்தின் உதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் செல்வநாயகி தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கினாள்.

சிப்பாய்கள் மெத்தையைக் கிழித்தார்கள். மெஷின் லாச்சியை வெளியே இழுத்துத் தரையில் கொட்டினார்கள். பரணில் ஏறினார்கள், கோழிக்கூட்டைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் இல்லை. சார்ஜன்ட் துணி வெட்டும் மேசையில் கிழங்கு விமானத்தை வைத்தான். ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

"இது என்னன்னு ஐயா கேக்குறாரு," என்றான் ஜெயராஜ்.

"கிழங்கு."

"இதைப் பத்தி உங்க வீட்டுக்காரருக்கு யாரு சொன்னது?"

"வில்லி எண்ட ஜெர்மன்காரன். சேட்டு வாங்க வந்தவன்."

சார்ஜன்ட் கனகசுந்தரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ நீளமாகக் கேட்டான். ஜெயராஜ் திருப்பினான்: "வெள்ளைக்காரன் விமானம்னு கடையில சொன்னாராமே? எதிரியோட விமானம்தானே அப்போ?"

"தம்பி, ஜெர்மன்காரன் வெள்ளை இல்லையோ? கறுப்போ? எங்களுக்கு எல்லாரும் வெள்ளைக்காரன்தான்."

ஜெயராஜ் சொன்னதைக் கேட்டு சார்ஜன்ட் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். அது சிரிப்பா என்று தெரியவில்லை. கிழங்கை விரலால் தட்டி உருட்டினான். காற்றாடி இல்லாமல் ஒன்றும் பறக்காது, ஜெர்மன்காரன் குடித்துவிட்டு உளறியிருக்கிறான் என்று சொன்னான். ஜெயராஜ் அதைத் தமிழில் சொன்னதோடு காரியம் முடிந்திருக்கும். சிப்பாய்கள் வாசலுக்கே போய்விட்டார்கள்.

"பறக்கும்," என்றார் கனகசுந்தரம்.

வாசலுக்குப் போன சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காத்தை அமுக்கி எரிச்சால் பறக்கும். காற்றாடியைவிடக் கெதியாப் போகும். முன்னாலை இருந்து காத்து வந்து..." வீங்கிய உதட்டோடு, கயிற்றால் கட்டியிருந்த கையால் கிழங்கைத் தொட்டுக் காட்ட முயன்றார்.

செல்வநாயகிக்குள் ஏதோ அறுந்தது. பிறகு யோசித்துப் பார்க்கும்போது, கொஞ்சம் நடித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே ஆசைதான். ஆனால் அது நடிப்பில்லை.

"வாயை மூடுங்கோ!" என்று கத்தினாள். "பறக்குமாம்! உங்களுக்கு விசரோ? சொண்டு கிழிஞ்சு தொங்குது, இன்னும் பறக்குமாம்! வீட்டிலை அரிசியில்லை, பிள்ளையள் கண்காணாத இடத்திலை, இருந்த கிழங்கையும் எடுத்துச் செட்டை வைச்சு விளையாடுறியள்! குண்டு விழேக்கை கோழிக்கூட்டிலை ஏறுற மனிசனை எந்தப் பொம்பிளை கட்டியிருப்பாள்? கண்ட கண்ட மாலுமியையெல்லாம் இருத்திவைச்சு, தேத்தண்ணி ஊத்தி, விமானம் விமானம் எண்டு..."

மேசையிலிருந்த கிழங்கைப் பறித்தாள். அடுப்படிக்குப் போய்ப் பலகையில் வைத்து, வாலை ஒரே வெட்டாக வெட்டினாள். செட்டையை வெட்டினாள். பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் வாரி அதற்குள் போட்டாள். சிப்பாய் ஒருவன் துவக்கை உயர்த்தினான். சார்ஜன்ட் கையைக் காட்டித் தடுத்தான்.

"பறக்கட்டும் இப்ப! பின்னேரமானா வேலையில்லை, சோலியில்லை, திருநாவுக்கரசு மாஸ்டர் வீட்டை ஓடிப்போய்க் காதைக் குடுத்துக்கொண்டு..."

அகப்பை கையிலேயே நின்றது. என்ன சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. ஜெயராஜைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மாஸ்டரின் கூரை யன்னலுக்குள் தெரிந்தது.

சார்ஜன்ட் பொறுமையில்லாமல் ஏதோ கேட்டான். ஜெயராஜ் சின்னதாக, இரண்டு மூன்று சொல்லில் பதில் சொன்னான். சார்ஜன்ட் பானையைப் பார்த்தான், கனகசுந்தரத்தைப் பார்த்தான், தலையைப் பின்னால் எறிந்து சிரித்தான். சிப்பாய்களும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கனகசுந்தரத்தின் இடது காதில் ஓங்கி ஓர் அறை விட்டான். அவர் மேசையோடு சாய்ந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். செல்வநாயகி தினமும் கெம்பித்தாய்க் கட்டடத்துக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்றாள். வீட்டில் இருந்தால் அந்தப் பெயர் தன் வாயிலிருந்து விழுந்த சத்தம் மறுபடி மறுபடி கேட்டது. அவரை நாக்கு நீளம் என்று திட்டியவள் அவள்தான். ஒருநாள் ஜெயராஜ் சைக்கிளில் வெளியே வந்தான். அவளைக் கண்டு, சங்கிலி கழன்றது போலக் குனிந்தான்.

"முடிவெட்டுறவரும் வெள்ளைக்காரன்னு மட்டும்தான் சொல்லியிருக்காரு, அக்கா. ஜெர்மன்காரன் கதையை மாத்தாதீங்க. விட்டுருவாங்க."

"தம்பி, அண்டைக்கு நான் ஒரு பேர்..."

"எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் அவ்வளவா வெளங்காதுக்கா," என்று சொல்லிவிட்டு, சங்கிலியைத் தொடாமலே ஏறிப் போய்விட்டான்.

விட்டார்கள். வந்தவருக்கு இரண்டு பல் இல்லை; இடது காது கேட்கவில்லை, பிறகும் கேட்கவேயில்லை. அவர் வாசல்படியில் உட்கார்ந்தபோது செல்வநாயகி தண்ணீர் சுடவைத்து முதுகைத் துடைத்துவிட்டாள். திட்டுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தாள். முதுகைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் சொன்னதுதான் சரி, நாயகி. நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது."

"இப்பவாவது விளங்கிச்சுதே."

"ஓம்." பல் போன இடத்தை நாக்கால் தடவிப் பார்த்தார். "ஆனா அது பறக்கும்."

அவள் ஈரத் துணியை வாளிக்குள் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கரை முழுக்கச் சனம். பிள்ளைகள் அன்று காலைதான் கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களை மாஸ்டரிடம் விட்டுவிட்டு, கனகசுந்தரத்தைத் தனியாக விட மனமில்லாமல் செல்வநாயகியும் கூடப் போனாள். கூட்டத்தில் அவருக்குப் பின்னால் வரும் வண்டி கேட்காது. போர்க்கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கடலை உரசிக்கொண்டு வந்து தலைக்கு மேலே ஏறின. சனம் ஆரவாரித்தது. கனகசுந்தரம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாய் பிளந்து, குழந்தை மாதிரி நின்றார். கண்ணில் நீர் வழிந்தது.

செல்வநாயகியும் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. சாம்பல் நிறத் தகரம், பெரிய மூக்கு, மூக்கில் ஒரு காற்றாடி, காது கிழியும் சத்தம். அவை சிறுத்து, புள்ளியாகி, மேகத்துக்குள் மறையும்வரை பார்த்தாள்.

"இதுக்கோ இவ்வளவும்?" என்று கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. அவள் நின்றது அவருடைய இடது பக்கம். ஆகவே அவருக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போய், வலது காதுக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.